சுருட்டம்மாவின் வலது கை

பர்மாவில், மோல்மேன் துறைமுகத்துக் கடைத்தெருவில், வைகாசி பிறந்து மூன்றாம் நாள், வெயில் உச்சிக்கு ஏறக் கொஞ்சம் முந்தி, மணல்புலம் புகையிலை வியாபாரி பக்கிரிசாமியின் வலது கை சுருட்டம்மா டோ மியாவின் மணிக்கட்டிலும், டோ மியாவின் வலது கை பக்கிரிசாமியின் மணிக்கட்டிலும் போய் உட்கார்ந்துகொண்டன. ரத்தம் இல்லை, வலி இல்லை, ஒரு ஐயோ அம்மா கூட இல்லை. பக்கத்துக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, பருப்பை நிறுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தார்.

ஏன் நடந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அதெல்லாம் நமக்கு எதற்கு. யார்மேல் தப்பு என்று கேளுங்கள், தெருவே ஒரே குரலில் சொல்லும்: பக்கிரிசாமிமேல்தான். துண்டுக்குள் கையை விட்ட மனுஷன், பேரம் நடந்துகொண்டிருக்கும்போது, பாதியில் கையை உருவலாமா?

புகையிலைக்காரர்கள் வாயால் விலை பேசுவதில்லை. தரகர் ஒரு துண்டை விரித்துப் பிடிப்பார். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் அதற்கடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைப் பிடித்தால் மூன்று, கை முழுசையும் பிடித்துவிட்டு இன்னும் இரண்டைப் பிடித்தால் ஏழு, உள்ளங்கையைச் சுரண்டினால் வேறு ஆளைப் பார் என்று அர்த்தம். மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் முகம் அசையக் கூடாது. விலை ஒத்துவந்ததும் இரண்டு கட்டைவிரலும் ஒன்றோடொன்று முட்டும், தரகர் "படிஞ்சுது" என்று சத்தம் போட்டுத் துண்டை எடுப்பார். ஒத்து வராவிட்டால் "நாளைக்கு" என்று சொல்லி எடுப்பார். அவர் வாயிலிருந்து இரண்டில் ஒன்று வருகிறவரைக்கும் கை உள்ளேதான் இருக்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரைக்கும் இதுதான் வழக்கம், இதை யாரும் மீறியதில்லை.

பக்கிரிசாமி மீறினான். வேண்டுமென்று செய்தானா என்றால் இல்லை, பாவம். அவன் கவலை அவனுக்கு.

வேதாரணியத்துக்குத் தெற்கே இருக்கிறது மணல்புலம். நாற்பது குடும்பம். பாட்டன் காலத்திலிருந்து உப்பளத்துக் கூலிகள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடித்து, அந்த வெடிப்புக்குள் உப்பு ஏறி, ராத்திரி பூராவும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கிற ஜனங்கள். ஒன்பது வருஷத்துக்கு முந்தி பக்கிரிசாமி அந்த ஊர் மணலை ஒரு பிடி அள்ளி விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "இதுல பொகையில வரும்" என்றான். சிரித்தார்கள். வந்தது. அந்த வருஷத்திலிருந்து நாற்பது குடும்பமும் உப்புக்குப் போகவில்லை; வளர்த்தது அவர்கள், இலையின் பதம் பார்த்தது பக்கிரிசாமியின் வலது கை. கொத்தில் கையை நுழைத்தால் போதும், இது இன்னும் இரண்டு நாள் காயணும், இதற்குக் கருப்பட்டிப் பாணி தெளிக்கணும், இது உள்ளே வேக ஆரம்பித்துவிட்டது என்று அந்தக் கைக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவனுக்கே தெரியாது. கைதான் கெட்டிக்காரக் கை.

ஊரில் விலை விழுந்தபோது அவன் இலையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டினான். கொழும்பில் யாழ்ப்பாணத்து இலைக்கு முன்னால் இவன் இலையைச் சீந்துவார் இல்லை. பினாங்கில் வாங்கினார்கள், இரண்டாம் தடவை கேட்கவில்லை. ரங்கூனில் விற்ற காசு ரங்கூன் செலவுக்கே சரியாகப் போயிற்று. கப்பலின் மேல்தட்டில் புகையிலைச் சிப்பங்களோடு சிப்பமாகப் படுத்து, அலை அடித்தால் எழுந்து பாய் போர்த்தி, துறைமுகம் துறைமுகமாக இறங்கி, இலையைக் காட்டி, துண்டுக்குள் கை நுழைத்து, அவமானப்பட்டு, மறுபடி ஏறி, அவன் போகாத ஊர் இல்லை. கடைசியில் வந்து சேர்ந்ததுதான் மோல்மேன். இந்தத் தடவை நூற்றிருபது சிப்பம். நாற்பது குடும்பத்தின் ஒரு வருஷத்து விளைச்சல் அத்தனையும்.

கப்பலேற்றி விடும்போது அவன் மச்சான் உத்திராபதி, ஊருக்காகப் பேசுகிறவன், அவன் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, ஒன் கைய நம்பித்தான் குடுக்குறோம். இது போச்சுன்னா ஐப்பசியில நாத்தங்காலுக்கு விதை போட மாட்டோம். உப்பளத்துக் கங்காணி இப்பவே ஆள் கேட்டுக்கிட்டு இருக்கான்."

"போவாது மச்சான்," என்றான் பக்கிரிசாமி.

மோல்மேனில் அவ்வளவு இலையை மொத்தமாக வாங்கக்கூடிய ஆள் ஒரே ஆள்தான்: டோ மியா. ஐம்பது வயசு, முப்பது பெண்கள் வேலை செய்கிற சுருட்டுக் கொட்டகைக்குச் சொந்தக்காரி, இவன் இலை போல மெல்லுகிற புகையிலையையும் மொத்தமாக வாங்கி விற்கிறவள், தமிழர்கள் சுருட்டம்மா என்பார்கள். தமிழ் அவள் துறைமுகத்து வண்டிக்காரர்களிடம் கற்றுக்கொண்டது. அவர்கள் மாட்டையும் டேய் என்றார்கள், ஒருவரை ஒருவரும் டேய் என்றார்கள்; அதனால் தமிழில் மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். முருகன் கோயில் குருக்களையும் டேய் என்றுதான் கூப்பிடுவாள். திருத்துகிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

மோல்மேன் மழை சும்மா மழை இல்லை. வைகாசியில் பிடித்தால் புரட்டாசிவரை விடாது. அந்த நாலைந்து மாசமும் சுருட்டு வாயில் வைத்த மாத்திரத்தில் நமுத்து அணைந்துபோகும், யாரும் வாங்கமாட்டார்கள். கொட்டகையைப் பூட்டிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். மழைக்கு முந்தி இவன் விற்றாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு நாளாகப் பேரம். பக்கிரிசாமி ஏழு விரல் கேட்டான், அவள் மூன்று விரலுக்குமேல் ஏறவில்லை. "டேய், குப்பை இலை. மாடு தின்னுமா கேட்டுப் பாரு," என்று தெருவே கேட்க வைவாள்.

வைகாசி மூன்றாம் நாளும் அப்படித்தான் நாகூர்த் தரகர் அபூசாலி மரைக்காயர் துண்டைப் பிடித்திருக்க, அவள் மூன்று என்று அழுத்த, இவன் ஏழு என்று இறுக்க, மலைக்கு அந்தப் பக்கம் ஓர் இடி இடித்தது. மழை பிடிக்க வேண்டிய நாளுக்குப் பத்து நாள் முந்தியே வந்த இடி. பக்கிரிசாமிக்குச் சரக்கு அடுக்கியிருந்த கிடங்கின் கூரையில் இருக்கிற ஓட்டை ஞாபகம் வந்தது, நூற்றிருபது சிப்பமும் ஞாபகம் வந்தது, பதறிப்போய் கையை வெடுக்கென்று உருவினான். உருவிய கை சின்னதாக, வெளுப்பாக, பச்சைக்கல் மோதிரத்தோடு வந்தது.

"டேய்," என்றாள் டோ மியா, தன் மணிக்கட்டில் இருந்த கறுத்துத் தடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "என் கையைக் குடு."

"நீங்க மொதல்ல ஏங் கையக் குடுங்க."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றார் மரைக்காயர். "நாப்பது வருசத்துல துண்டுக்குள்ள இருந்து ஒருத்தரும் இப்படி உருவுனது இல்லை. அறுந்த பேரத்தை முடிச்சாத்தான் கை திரும்பும். மறுபடி வைங்க."

மறுபடி வைத்தார்கள். மூன்று நாள் வைத்தார்கள். இவன் ஏழிலிருந்து இறங்கவில்லை, இறங்கினால் மணல்புலம் உப்பளத்துக்குப் போகும். அவளும் மூன்றிலிருந்து ஏறவில்லை. நாலாம் நாள் மரைக்காயர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வெல படியிற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் தெரு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, மோல்மேன் கடைத்தெரு எதையும் வீணாக்காத தெரு.

முதலில் சுங்கத்தில்தான் சிக்கல் வந்தது. சிப்பங்களைக் கிடங்கிலிருந்து எப்போது எடுப்பதானாலும் சரக்குக்காரனின் வலது கட்டைவிரல் ரேகை வேண்டும். டோ மியா கூட வந்து பக்கிரிசாமியின் கட்டைவிரலை மையில் முக்கி வைத்தாள். வெள்ளைக்கார அதிகாரி ரேகையைப் பழைய காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார், விரல் எந்த உடம்பில் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார், எழுதவில்லை. சரி போ என்று முத்திரை குத்திவிட்டார். "நல்ல பையன் டேய் நீ," என்று சொல்லிவிட்டு வந்தாள் டோ மியா.

அடுத்து கோயிலில். பக்கிரிசாமி விபூதி வாங்கக் கையை நீட்டியபோது குருக்கள் ஒரு நிமிஷம் யோசித்தார். விபூதி கைக்கா ஆளுக்கா? ஆளுக்குத்தான் என்று முடிவு செய்து போட்டார். ஆனால் அந்தக் கை, கண் மூடித் திறப்பதற்குள், விபூதியை வைத்திருந்த வாழையிலைத் துண்டோடு சேர்த்து அழகாக ஒரு சுருட்டாகச் சுருட்டிவிட்டது. அந்தக் கை எதைக் கண்டாலும் சுருட்டியது. வெற்றிலையைச் சுருட்டியது, கோயில் நோட்டீஸைச் சுருட்டியது, சாப்பாட்டுக் கடையில் இலை போட்டதும் சோறு விழுவதற்குள் இலையைச் சுருட்டியது. ரசத்தைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தது, பக்கத்துப் பந்தியில் யாராவது பர்மாக்காரர் புளித்த மீன் சாந்து வைத்துச் சாப்பிட்டால் அந்தப் பக்கம் நீண்டது. பக்கிரிசாமி ஊருக்கு எழுதிய கடுதாசியை மூன்று தடவை சுருட்டிவிட்டது. நாலாம் தடவை அவன் அப்படியே நூல் கட்டித் தபாலில் போட்டுவிட்டான்.

டோ மியாவின் கதை வேறு. அவளிடம் இருந்த பக்கிரிசாமியின் கை எதைக் கண்டாலும் நெருடிப் பார்த்தது. அரிசி மூட்டையில் நுழைந்தது, கருவாட்டைக் கிள்ளியது, துணிக்கடையில் பீஸைப் பிடித்து அழுத்தியது, அழுத்திய கையோடு அவள் வாயில் தானாக வந்தது: "டேய், ஈரம்!" கடைக்காரர்கள் முதலில் கடுகடுத்தார்கள். பிறகு, அவள் ஈரம் என்ற மூட்டையெல்லாம் ஒரு வாரத்தில் பூசணம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, வண்டி வண்டியாகச் சரக்கை அவள் வாசலில் இறக்கித் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். பக்கிரிசாமி வாசலிலும் கூட்டம். கல்யாணத்துக்கு ஐந்நூறு வெற்றிலை மடிக்க வேண்டுமா, பட்டாசுக்குத் திரி சுற்ற வேண்டுமா, கூப்பிடு பக்கிரியை. வளையல்காரி ஒருத்தி அந்தக் கை வெறுமையாக இருக்கிறதே என்று மனசு கேட்காமல் இரண்டு கண்ணாடி வளையலை மாட்டிவிட்டுப் போனாள். அவன் கழற்றப் பார்த்தான், அந்தக் கை விரலை மடக்கிக்கொண்டு விடவில்லை. அப்புறம் அவன் வளையலோடுதான் திரிந்தான், தெருவும் அதைப் பார்த்துப் பழகிவிட்டது.

பிக்குவிடம் போய் டோ மியா ஒரு சந்தேகம் கேட்டாள். தினம் காலையில் நான் பிச்சைப் பாத்திரத்தில் சோறு போடுகிறேன், போடுவது அவன் கை, புண்ணியம் யாருக்கு? பிக்கு சோற்றை வாங்கிக்கொண்டு சொன்னார், "பசி எனக்கு." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்படி ஊர் பழகிக்கொண்டது. பக்கிரிசாமி மட்டும் தினம் பத்துத் தடவை கிடங்குக் கூரையைப் பார்த்துவிட்டு வந்தான்.

மழை பிடித்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது என்பார்களே, அதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. நாலாம் நாள் கிடங்குக்குள் நுழைந்ததும் அவன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது: எங்கேயோ சிப்பம் உள்ளே வேகிறது. எது என்றுதான் தெரியவில்லை. ஒரு சிப்பம் வெந்தால் இரண்டு நாளில் பக்கத்தில் உள்ளதெல்லாம் வேகும், கரும்பூசணம் ஏறும், அப்புறம் ஆற்றில் தள்ள வேண்டியதுதான். சிப்பத்துக்குள் கையை நுழைத்தான். அந்தச் சின்னக் கைக்குச் சூடும் தெரியவில்லை ஈரமும் தெரியவில்லை, இலை நுனியைப் பிடித்துச் சுருட்டப் பார்த்தது. ஒன்று, இரண்டு, பத்து, இருபது சிப்பம் நுழைத்துப் பார்த்தான். இடது கையையும் நுழைத்துப் பார்த்தான், அதற்கு அந்த வித்தை என்றைக்கும் வந்ததில்லை. அப்புறம் சிப்பத்தின்மேல் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். நாற்பது வீட்டு ஆட்களும் உப்புப் பாத்தியில் வரிசையாக நிற்கிறது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

அழுது முடித்து, குடை கூட இல்லாமல் டோ மியாவின் கொட்டகைக்கு ஓடினான். கொட்டகை பூட்டும் நாள். முப்பது பெண்களும் மூட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"டோ மியா, ஏங் கை வேணும்."

"பேரமா?"

"பேரம் இல்ல. சிப்பம் வேகுது. எதுன்னு தெரியல. நீங்க வந்து தொட்டுச் சொல்லணும்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "டேய் பக்கிரி. உன் இலை கெட்டா எனக்கு நல்லது. ஒரு விரலுக்கு வாங்குவேன். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்கிட்ட வந்தியா?"

"வேற யாருகிட்ட போவேன்? ஏங் கை ஒங்ககிட்ட இல்ல இருக்கு."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் மணிக்கட்டில் இருந்த கை சுவரில் தொங்கிய குடையை எடுத்து விரித்துவிட்டது. விரித்த குடையை மடக்கவும் முடியாமல் சும்மா நிற்கவும் முடியாமல், பர்மியத்தில் எதையோ வைதுகொண்டே அவள் மழையில் இறங்கினாள்.

கிடங்கில் அந்தக் கை இருந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! வரிசையில் புகுந்து, சிப்பம் சிப்பமாக நுழைந்து, "இது நல்லது, இது நல்லது, இது காத்து காட்டணும், இது... டேய், பிரி, பிரி, பிரி!" என்று அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. பத்தொன்பது சிப்பம் வேக ஆரம்பித்திருந்தது. பத்தொன்பதையும் பிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு சிப்பத்துக்குள் கை நுழைந்து அப்படியே நின்றது, அவள் வாயில் தானாக வந்தது: "முதல் தரம்."

பன்னிரண்டு நாள் குப்பை என்று வைத வாய். பக்கிரிசாமி அவளைப் பார்த்தான்.

"என்னைப் பாக்காதே," என்றாள் டோ மியா. முகம் சிவந்துவிட்டது. "உன் கைதான் சொல்லுது. உன் கைக்குப் பொய் வராது போல இருக்கு, சனியன்."

பிரித்த இலையை உலர்த்த வெயில் ஏது? டோ மியா கொட்டகைச் சாவியை எடுத்தாள், முப்பது பெண்களையும் மூட்டையை இறக்கச் சொன்னாள், கரிச்சட்டிகளை வரிசையாக வைத்து, மூங்கில் கொடியில் இலையைத் தொங்கவிட்டு, விசிறிக்கொண்டு உட்காரச் சொன்னாள். மூன்று நாள் விசிறினார்கள். நாலாம் நாள் காலையில், இலையைப் புரட்டிக்கொண்டிருந்த பக்கிரிசாமியின் கை, டோ மியாவின் கைதானே அது, சும்மா இராமல், உள்ளே வெந்து கறுத்த மணல்புலத்து இலையை வைத்து, மேலே மோல்மேனின் இளசான இலையைச் சுற்றி, ஒரு சுருட்டுச் சுருட்டியது. மெல்லுகிற புகையிலையை யாரும் அதுவரை சுருட்டிப் பார்த்ததில்லை. அது முரட்டு இலை, சுருட்டுக்கு ஆகாது என்று இரண்டு ஊரிலும் சொல்வார்கள்.

மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு படகுக்காரர் அதை வாங்கிப் பற்றவைத்தார். இழுத்தார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். அப்புறம் அவசர வேலை ஞாபகம் வந்து மழையில் இறங்கிப் படித்துறைக்குப் போனார். போய்த் திரும்பி வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தார், வாயில் சுருட்டு எரிந்துகொண்டிருந்தது.

"மறுபடி போங்க," என்றாள் டோ மியா பர்மியத்தில்.

போனார். வந்தார். எரிந்தது. பருப்புக் கடைக்காரர் வெளியே வந்தார். துணிக்கடைக்காரர் வந்தார். வளையல்காரி வந்தாள், குருக்கள் தலையில் தாம்பாளத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். தெரு முழுவதும் கொட்டுகிற மழையில் நின்று, அந்தப் படகுக்காரர் படித்துறைக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடப்பதையும், அவர் வாயில் அந்தச் சிவப்புப் பொட்டு அணையாமல் போய் வருவதையும் பார்த்தது. ஏழாவது நடையில் யாரோ கை தட்ட, தெருவே கைதட்டியது. டோ மியா பக்கிரிசாமியின் முதுகில் பக்கிரிசாமியின் கையாலேயே ஓங்கி ஒன்று வைத்தாள்.

அந்த வருஷம்தான் மோல்மேனில் மழைக்காலத்தில் சுருட்டுக் கொட்டகை திறந்திருந்த முதல் வருஷம். டோ மியா பதம் பார்த்துக் கொடுப்பாள், பக்கிரிசாமி வளையல் குலுங்கச் சுருட்டிக் காட்டுவான், முப்பது பெண்களும் அந்த வளையல் சத்தத்துக்குச் சுருட்டுவார்கள். மரக்கிடங்கில் யானை மேய்ப்பவர்கள் வாங்கினார்கள், ஓடக்காரர்கள் வாங்கினார்கள், கப்பலுக்கு வழி காட்டுகிறவர்கள் மழைக் கோட்டுக்குள் பத்துப் பத்தாகச் சொருகிக்கொண்டு போனார்கள். ஆற்றில் மழை மூட்டத்தில் ஓடம் தெரியாது. சிவப்புப் பொட்டு மட்டும் போகும் வரும். விலை என்ன என்று பக்கிரிசாமி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலை தலைக்குமேல் கிடந்தது.

புரட்டாசி கடைசியில் மழை விட்டது. நூற்றிருபது சிப்பமும் காலி. மரைக்காயருக்குச் சொல்லி அனுப்பினார்கள். துண்டோடு வந்தார், தெருவே பின்னால் வந்தது.

கைகள் துண்டுக்குள் போயின. அங்கேதான் வேடிக்கை. டோ மியாவின் மணிக்கட்டில் இருந்த கை மணல்புலத்துக் கை. அது பழைய புத்தி போகாமல் ஏழு என்று இறுக்கியது. பக்கிரிசாமியின் மணிக்கட்டில் இருந்தது சுருட்டம்மா கை. அது மூன்றுக்குமேல் ஏறமாட்டேன் என்று அழுத்தியது. முகம் அசையக் கூடாது என்று இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். முதலில் டோ மியாவுக்குத்தான் சிரிப்பு பீறிட்டது.

"டேய்! வாங்குற நான் ஏழு தர்றேங்கிறேன். விக்கிற நீ மூணு போதுங்கிறே!"

"அல்லாவே," என்றார் மரைக்காயர். "விக்கிறவரு எறக்குறாரு, வாங்குறவங்க ஏத்துறாங்க. இந்தப் பேரத்துக்கு நான் எந்தப் பக்கம் தரகு கேக்குறது?"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கிரிசாமி சொன்னான்: "கைங்க சொல்றத வுடுங்க டோ மியா. நான் என் வாயால சொல்றேன். அஞ்சு. ஒரு சுருட்டுக்கு ஒங்க பொண்ணுங்க எவ்வளவு பாடுபடுதுன்னு நாலு மாசமா இந்தக் கையால நானே பட்டுப் பாத்துட்டேன்."

"ஆறு," என்றாள் டோ மியா.

"அஞ்சு போதும்ங்கிறேன்."

"ஆறு! டேய், இலை முதல் தரம். நான் தொட்டுப் பாத்தேன். எனக்குத் தெரியாதா? அடுத்த வருசம் இருநூறு சிப்பம் கொண்டா. இல்லேன்னா இந்தக் கை திரும்பி வராது, இப்படியே வச்சுக்குவேன்."

பக்கிரிசாமி கட்டைவிரலை நீட்டினான். துண்டுக்கடியில் இரண்டு கட்டைவிரலும் முட்டின. "படிஞ்சுது!" என்று மரைக்காயர் போட்ட சத்தத்தில் காக்கையெல்லாம் கலைந்து பறந்தது. துண்டை எடுத்தார். கறுத்த கை கறுத்த மணிக்கட்டில் இருந்தது. மோதிரக் கை மோதிரக்காரியிடம் போய்விட்டது, இரண்டு கண்ணாடி வளையலும் அதோடு போய்விட்டன. அவள் அதைக் கழற்றவில்லை.

ஐப்பசி அடைமழையில் பக்கிரிசாமி மணல்புலத்தில் வந்து இறங்கினான். நாற்பது குடும்பமும் ஊர் முனையில் ஓலைக் கொட்டகைக்கடியில் ஒண்டிக்கொண்டு நின்றது. ஆம்பிளைகள் தோளில் உப்பு வாரும் பலகை இருந்தது. மழையில் உடைந்த உப்பளத்து வரப்பைக் கட்டக் கங்காணி மறுநாள் காலையில் வரச் சொல்லியிருந்தான்.

"மாப்ள," என்றான் உத்திராபதி. "ஒன் கடுதாசி சுருட்டாட்டம் வந்துச்சு. பிரிச்சா மசியெல்லாம் கலைஞ்சு ஒண்ணும் வெளங்கல. ஒன் கையில குடுத்தது என்னாச்சுன்னு நீயே சொல்லு."

பக்கிரிசாமி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் கை, அவனுடைய சொந்தத் தடித்த கை, மடியிலிருந்து இரண்டு இலையை உருவி, எங்கேயோ ஒரு வளையல் குலுங்குகிற தாளத்துக்கு, நறுவிசாக ஒரு சுருட்டைச் சுருட்டிவிட்டது. உத்திராபதி வாயைப் பிளந்தான். பக்கிரிசாமி அதைப் பற்றவைத்துக்கொண்டு மழையில் இறங்கினான். நாற்றங்கால் வரைக்கும் நடந்தான், அங்கேயிருந்து கொட்டகை வரைக்கும் நடந்தான், மறுபடியும் நடந்தான். மழை அடித்து ஊற்றியது. சுருட்டு எரிந்தது.

மூன்றாவது நடையில் நாற்றங்காலிலேயே நின்று, குனிந்து, மண்ணை அள்ளி நெருடிப் பார்த்தான்.

"மச்சான்! அத்தனையும் ஆறு வெரலுக்குப் படிஞ்சுபோச்சு. மழை விட்டதும் வெத போடலாம். இந்தத் தடவ எரநூறு சிப்பம் கேட்டிருக்காங்க!"

உத்திராபதி தோளில் இருந்த பலகையை இறக்கிக்கொண்டு மழைக்குள் வந்தான். அவன் பின்னால் ஒவ்வொருத்தராக வந்தார்கள். உப்பு வாருவதற்கு வைத்திருந்த நாற்பது பலகையும் நாற்றங்காலுக்குப் பாத்தி கட்டி மட்டம் தட்ட ஆரம்பித்தன.